66 வெள்ளிக்கு ஒரு பிரிண்டர்

2003 ஜனவரியில் சிங்கப்பூரில் விலைப்பட்டியல் அடிக்கிற கிராணிகள் யாரும் ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டார்கள். பொருள் சேவை வரி முதல் தேதியன்று 3 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக ஏறியிருந்தது. ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் எனக்கு அந்த வேலைதான்: எண்ணை அடிப்பது, அடித்ததைப் பார்ப்பது, மறுபடி அடிப்பது. மாத நடுவில் அந்தச் செய்தி வந்தது. 3,854 வெள்ளி விலையுள்ள ஹெச்பி வண்ண லேசர் பிரிண்டர், இணையத்தில் 66 வெள்ளிக்குப் போயிருக்கிறது. அலுவலகமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 66ஐ அடித்த கை யாருடையது, அந்த ஆளுக்கு இப்போது வேலை இருக்கிறதா என்றே மனசு ஓடியது.

நடந்தது இது. ஜனவரி 8, புதன்கிழமை. டிஜிலேண்ட் நிறுவனத்தில் இணையக்கடைக்கு விலை ஏற்றுவது எப்படி என்று பயிற்சி. பயிற்சிக்காகப் போட்ட பொய் எண் தவறிப்போய் உண்மைத் தளங்களிலும் ஏறிவிட்டது. ஐந்து நாள் அங்கேயே கிடந்தது, உள்ளே இருந்தவர்கள் கண்ணில் படவில்லை. 13ஆம் தேதி திங்கட்கிழமை, பின்னிரவு ஒரு மணிக்குமேல், பார்த்த ஒருவர் நண்பரை உசுப்ப, அந்த நண்பர் இன்னொருவரை உசுப்ப, விடிவதற்குள் செய்தி காட்டுத்தீயாகிவிட்டது. காலையில் நிறுவனம் விழித்துக்கொண்டபோது 784 பேர் 1,008 ஆர்டர்களில் 4,086 பிரிண்டர்களை வாங்கி முடித்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ‘கொள்முதல் உறுதி’ என்று மின்னஞ்சலும் போய்ச் சேர்ந்திருந்தது.

எங்கள் அப்பாவுக்குத் தேக்காவில், பஃபலோ சாலைப் பக்கம், சின்னதாக ஒரு மளிகைக்கடை இருந்தது. எந்தச் சாமானிலும் விலை எழுதியிருக்காது. விலை அப்பாவின் வாயில், கடன் ‘555’ என்ற சின்ன நோட்டில். பள்ளி விட்டு வந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவேன். ஒருநாள் அவர் வெளியே போயிருந்த நேரத்தில் வந்தவருக்கு ஏலக்காய்க்குச் சோம்பின் விலையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். “சரிம்மா, அரைக் கிலோ போடு” என்றார். அரைக் கிலோ ஏலக்காய் எந்த வீட்டுப் பாயசத்துக்கு? பன்னிரண்டு வயதில் அதெல்லாம் தோன்றவில்லை, போட்டுக் கொடுத்தேன். அப்பா திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் கேட்ட முதல் கேள்வி இன்றும் காதில் இருக்கிறது: “நீ வெல சொன்னப்ப அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சு?”

பேரம் பேசுகிற கடையில் விலைத் தவறுக்கு ஆயுள் அரை நிமிடம். குறைத்துச் சொல்லிவிட்டால் வாங்குகிறவர் மறுபேச்சில்லாமல் பையை நீட்டுவார். அந்த மௌனமே கடைக்காரருக்கு உறைத்துவிடும். “ஐயோ, மாத்திச் சொல்லிட்டேங்க” என்று சமாளித்துக்கொள்வார். விலையை எழுதி ஒட்டத் தொடங்கிய பிறகுதான் தவறு நாள்கணக்கில் உயிர் வாழக் கற்றுக்கொண்டது. ஜப்பானில் எடோ நகரத்தில் மிட்சுய் குடும்பத்தார் 1673இல் திறந்த எச்சிகோயா துணிக்கடை, ரொக்கம், ஒரே விலை என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தது. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் குவேக்கர்கள், கொடுக்கப்போகிற விலை ஒன்று, வாயால் சொல்கிற விலை ஒன்று என்றிருப்பது பொய் என்று பேரத்தையே கைவிட்டார்கள். பிறகு பாரிஸின் போன் மார்ஷே போன்ற பெரிய கடைகள் விலைச்சீட்டை ஊரெல்லாம் பரப்பின. குழந்தையைக் கடைக்கு அனுப்பினாலும் ஏமாறாமல் வரும் என்ற நிலை வந்தது. நல்லதுதான். ஆனால் கடைக்காரர் வாங்குபவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமும் அதோடு போயிற்று.

முகம் போன இடத்தில் நீதிமன்றம் வந்து நின்றது. சிங்கப்பூர்ச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தின் வழி வந்தது. இங்கிலாந்தில் பழைய வழக்கு ஒன்று, 1861. சிசில் என்பவரின் நிலத்தை வெப்ஸ்டர் 2,000 பவுண்டுக்குக் கேட்டார். முடியாது என்றார் சிசில். பிறகு அவரே 2,250 என்று எழுத நினைத்துக் கடிதத்தில் 1,250 என்று எழுதிவிட்டார். வெப்ஸ்டர் உடனே ‘சம்மதம்’ என்று பதில் போட்டார். 2,000க்கே மறுத்த மனிதர் 1,250க்குத் தருவாரா? இது தெரியாமல் இருந்திருக்காது என்று சொல்லி, அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றித்தர நீதிமன்றம் மறுத்தது.

எனக்கு அதைவிட நெருக்கமானது 1939ஆம் ஆண்டின் முயல்தோல் வழக்கு. லண்டனில் 30,000 அர்ஜென்டினா முயல்தோல்களுக்குப் பேச்சு நடக்கிறது. தோல் ஒன்றுக்கு இவ்வளவு என்பதே அந்தத் தொழிலின் வழக்கம், முன்பேச்சும் அப்படித்தான். கடைசியில் போன கடிதத்தில் மட்டும் அதே தொகை பவுண்டு எடைக்கு என்று விழுந்துவிட்டது. ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய மூன்று தோல் நிற்கும். அதாவது விலை மூன்றில் ஒன்றாகிவிட்டது. வாங்குபவர் வாயைத் திறக்காமல் ஒப்புக்கொண்டார், பிறகு சரக்கு வரவில்லை என்று வழக்குப் போட்டார். தோற்றார்.

நெருக்கம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் நான் அடித்து ஃபேக்ஸில் அனுப்பிய ஒரு பட்டியலில், எவர்சில்வர் டம்ளருக்கு டஜன் விலைக் கட்டத்தில் ஒற்றை டம்ளரின் விலை போய் உட்கார்ந்துவிட்டது. அது பன்னிரண்டில் ஒரு பங்கு. கேலாங்கில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு சீனப் பெரியவர் போன் செய்து, மலாயில் ஒரே சொல்லில் “சிலாப்பா?” என்றார். தவறா என்று கேட்கிறார். நாக்கைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றேன். அதற்குள் இன்னொரு கடையிலிருந்து 40 டஜனுக்கு ஃபேக்ஸ் வந்து கிடந்தது. ஒரு வார்த்தை விசாரிப்பு இல்லை. மேனேஜர் சரக்கை அனுப்பச் சொல்லிவிட்டார், என் போனஸில் கை வைத்தார். அந்த 40 டஜன்காரருக்குத் தெரிந்திருந்ததா? அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ஃபேக்ஸ் தாளுக்கு ஏது முகம்?

பிரிண்டர் விஷயத்தில் முகத்தைத் தேடும் வேலை உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை ஆணையராக இருந்த வி.கே. ராஜாவுக்கு வந்தது. பொருளைத் தர முடியாது என்று நிறுவனம் சொன்னதும் வழக்குப் போட்டவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேர் மட்டும் ஆர்டர் செய்தவை 1,606 பிரிண்டர்கள். கொடுக்கவேண்டியது 1,05,996 வெள்ளி, சரக்கின் உண்மை மதிப்பு 61,89,524 வெள்ளி. படித்தவர்கள், வணிகமும் இணையமும் தெரிந்தவர்கள். உள்ளதைத்தான் வாங்கினோம், விலை தவறென்று தெரியாது என்றார்கள். பதில் மின்னஞ்சலை இயந்திரம்தானே அனுப்பியது என்று நீதிமன்றம் நிறுவனத்தைத் தப்பவிடவில்லை, அதை நான் பாராட்டுகிறேன். கடை வைத்த இயந்திரம் பேசினால் கடைக்காரர் பேசியதாகவே கணக்கு. ஆனால் அந்த இரவில் நண்பர்கள் ஐசிக்யூ அரட்டை நிரலில் ஒருவருக்கொருவர் தட்டிய செய்திகள் நீதிமன்ற மேசைக்கு வந்தன. பிரிண்டரின் உண்மை விலை என்னவென்று சிலர் வேறு தளங்களில் தேடியதும் வந்தது. இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் ஏன் இந்த அவசரம், ஏன் நூற்றுக்கணக்கில்? தவறு என்று தெரிந்தே கவ்விக்கொண்டார்கள், ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்று 2004 ஏப்ரலில் தீர்ப்பு. 2005 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் தேட இரண்டு வருடமும் இத்தனை வழக்கறிஞர்களும் தேவைப்பட்டார்கள்.

பழைய வேலை விட்டுப்போகவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு பேருக்குச் சராசரி ஆளுக்கு ஏறக்குறைய 268. மீதி 778 பேருக்கு 2,480, ஆளுக்கு மூன்றுக்குச் சற்று மேல். அந்த 778 பேரில் ஒரே ஒரு பிரிண்டரைத் தட்டிவிட்டு, மகளுக்குப் பள்ளி வேலைக்கு ஆகும் என்று நிம்மதியாகப் படுத்தவர் ஒருவராவது இருந்திருப்பார். தொழில்முறைப் பிரிண்டருக்கு என்ன விலை என்று அவருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அவர் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தால் தீர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. (பாலம் தாண்டி ஜொகூருக்குப் போனால் சட்டத்தின் வாசகமே வேறு. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், ஒரு தரப்பு மட்டும் விவரத்தில் தவறிவிட்டது என்பதாலேயே ஒப்பந்தத்தை உடைக்க முடியாது என்கிறது. இந்தியாவின் 1872 சட்டத்தின் 22ஆம் பிரிவிலிருந்து வந்த வாசகம் அது.)

அந்த ஒற்றைப் பிரிண்டர்காரரின் உறவினர்களைப் போல எனக்குத் தோன்றுகிறவர்கள், 2002 புத்தாண்டில் பிரிட்டனில் கோடாக் கேமரா வாங்கியவர்கள். 329 பவுண்டு கேமராத் தொகுப்பு இணையத்தில் 100 பவுண்டு என்று இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள், உறுதி மின்னஞ்சல் வந்தது. பிறகு கோடாக் தவறு என்று கையை விரித்தது. வாங்கியவர்கள் ஒன்றுசேர்ந்து விடாப்பிடியாக நிற்க, ஜனவரி முடிவதற்குள் நிறுவனம் இறங்கிவந்து அதே விலைக்குக் கொடுத்தது. மூன்றில் ஒரு பங்கு விலை, முயல்தோல் வழக்கின் விகிதம்தான். ஆனால் முயல்தோல்காரர் அதே சரக்கில் ஊறியவர், இவர்கள் புத்தாண்டுத் தள்ளுபடி பார்த்துப் பழகிய குடும்பத்தார். விகிதம் ஒன்றானாலும் முகம் வேறு. இதற்கு முன் 1999இல் ஆர்கோஸ் கடையின் தளத்தில் 299 பவுண்டு சோனி தொலைக்காட்சி 2.99 என்று வந்தபோது அந்த நிறுவனம் தர மறுத்தது. அங்கே நான் கடைக்காரர் பக்கம்.

கோடாக் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. நாம் ஒன்றுக்குப் பதில் பதினொன்று என்று தட்டிவிட்டு மறுநாள் போன் செய்தால், எத்தனை கடை “பரவாயில்லை” என்று சொல்லும்? ஆசை விலை காட்டி ஆளைக் கூட்டிவிட்டு, ‘அச்சுப்பிழை’ என்று கதவடைக்கிற கடைகளும் உண்டு. பெரிய நிறுவனம் தவறுக்கு விலை கொடுக்கட்டும். என் கவலை ஒன்றுதான்: அந்த விலை கடைசியில் எந்தக் கிராணியின் போனஸிலிருந்து போகிறது?

ரோமானியர் சிசரோ தன் மகனுக்கு எழுதிய அறநூலில் ஸ்கேவோலா என்பவரைப் பற்றிச் சொல்கிறார். ஒரு தோட்டம் வாங்கப்போன ஸ்கேவோலா, விலையை ஒரே முறை சொல்லும்படி கேட்டாராம். சொன்னதும், என் மதிப்பீட்டில் இது குறைவு என்று ஒரு லட்சம் செஸ்டர்ஸ் சேர்த்துக் கொடுத்தாராம். நல்லவர், ஆனால் புத்திசாலி இல்லை என்பது ஊர்ப் பேச்சு. அப்பாவிடம் சொல்லியிருந்தால், பைத்தியக்காரன், ஆனால் அவனுக்குக் கடன் கொடுக்கலாம் என்றிருப்பார்.

பிறகு வந்த வழக்கில் முகம் மட்டுமல்ல, ஆளே இல்லை. 2017 ஏப்ரலில், குவாய்ன் என்ற சிங்கப்பூர் மெய்நிகர் நாணயச் சந்தையில், உள்ளே ஏற்பட்ட கோளாறால் ஓர் ஈத்தர் 10 பிட்காயினுக்கு விற்றது. நடப்பு விலையைவிட ஏறத்தாழ 250 மடங்கு. இரு பக்கமும் வியாபாரம் செய்தவை கணினி நிரல்கள். சந்தை மறுநாள் அதை ரத்து செய்தது, லாபமடைந்த பி2சி2 நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தவறென்று தெரிந்து கவ்வியது யார், நிரலா? நிரலுக்கு மனசில்லை. அதை எழுதியவர் எழுதுகிற வேளையில் என்ன நினைத்திருந்தார் என்று பார்க்கவேண்டும் என்றது நீதிமன்றம். எதிராளி ஒருநாள் தவறுவான், அப்போது பிடுங்கலாம் என்று அவர் எழுதவில்லை. 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டிலும் சந்தை நடத்தியவர்களே தோற்றார்கள். ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார். எனக்கும் அந்த ஒருவரின் பக்கம் ஒரு சாய்வு உண்டு, சட்டம் தெரிந்து சொல்லவில்லை.

போன மாதம் வீட்டுக்குப் பக்கத்துப் பேரங்காடியில் நானே பணம் கட்டும் இயந்திரத்தில் திராட்சைப் பெட்டியை வைத்தேன். திரையில் 40 காசு என்று வந்தது. தட்டில் 4 வெள்ளி என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்திருந்தேன். உதவிப் பொத்தானை அழுத்தினேன். இருபது வயதிருக்கும் பையன் ஒருவன் வந்து, திரையை எட்டிப் பார்த்து, “சிஸ்டம்ல அப்படித்தான் ஆன்ட்டி இருக்கு, கட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த இயந்திரத்துக்குப் போய்விட்டான். என் கூடையில் இரண்டு பெட்டி இருந்தது. இரண்டையும் கட்டினேன். மூன்றாவது எடுக்கத் திரும்பிப் போகவில்லை.