அரக்கும் கெம்பும்: தமிழகத்துப் பழைய நகைகள் வடிவம் மாறிய வரலாறு

சென்னை தியாகராய நகரின் பெரிய நகைக் கடைகளில் 'ஆன்டிக்' நகைக்குத் தனிப் பிரிவே உண்டு. அங்கே தொங்கும் லட்சுமி பதக்கமும் மாங்காய் மாலையும் பெரும்பாலும் புதிதாகச் செய்தவைதான். பளபளப்பைக் குறைத்து, சிவப்புக் கல் பதித்து, பழசுபோலக் காட்டியிருப்பார்கள். சோழர் காலத்து மாதிரி என்று விற்பவர் சொல்கிறார், வாங்குபவரும் நம்பிவிடுகிறார். சான்றுகளைப் பார்த்தால் அந்த நம்பிக்கை பாதிதான் நிற்கும். நாம் 'பாரம்பரிய நகை' என்று அழைப்பது பல நூற்றாண்டுகளின் அடுக்கு. எந்தக் கல், எந்தக் காசு எந்தத் துறைமுகம் வழியாக வந்தது என்பதே ஒவ்வோர் அடுக்கையும் பெரும்பாலும் தீர்மானித்தது.

இந்த ஆய்வில் முதல் தடை பொன்னேதான். மண்பானை உடைந்தாலும் சில்லு கிடைக்கும். நகை அப்படியல்ல, அதை அழித்துப் புதிதாகச் செய்துவிடுவார்கள். எனவே பழங்கால நகைகளில் நேரில் பார்க்கக் கிடைப்பவை மிகக் குறைவு. ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்கள் அத்தகைய அரிய எச்சங்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் கல்மணிகளை அறுத்துத் துளையிட்ட பட்டறைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. அருகிலுள்ள படியூர் பச்சைக்கல்லுக்குப் பெயர்போனது. சிலப்பதிகாரத்தின் வழக்கே ஒரு சிலம்பின் வயிற்றுக்குள் இருந்தது மாணிக்கமா முத்தா என்பதில்தான் நிற்கிறது. நகையின் வெளியே தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்ற கவலை அவ்வளவு பழையது.

அந்தக் கவலையைக் கணக்காகவே எழுதி வைத்தவர்கள் சோழர்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் ராஜராஜனும் அவன் அக்கை குந்தவையும் கொடுத்த நகைகளின் பட்டியல் கோயிலிலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் அதைத் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். இந்தப் பட்டியலை நிதானமாகப் படிக்கவேண்டும். முத்து என்று பொதுவாகச் சொல்லி விடவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி என்று வகை பிரித்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒளியையும் குறித்து, எண்ணிக்கை தருகிறார்கள். பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்ற எடைக்கல், மணி பதித்த நகைகளை நிறுக்க 'தட்சிணமேரு விடங்கன்' என்ற எடைக்கல். எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்ற அளவில் இறங்குகிறது; 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு, 2 குன்றி ஒரு மஞ்சாடி. அதோடு நிற்கவில்லை. நிறுத்த எடையில் சரடு சேர்ந்ததா, அரக்கு சேர்ந்ததா என்பதும் பதிவாகிறது. ஒரு குன்றிமணி எடைக்கும் பதில் சொல்லும் இந்தத் தணிக்கை நம் ஊர்க் கோயில் நிர்வாகங்களில் தொடர்ந்திருக்கலாம் என்று ஏக்கம் வருகிறது. அந்தப் பட்டியலில் உள்ள நகை இதுதான் என்று சுட்டிக்காட்ட இன்று நம்மிடம் ஒன்றும் இல்லை.

அரக்கு என்ற அந்தச் சொல் தொழில்நுட்பத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மெல்லிய பொன்தகட்டில் குழிவான கூடு செய்து, உள்ளே அரக்கை இளக்கி நிரப்பி, அதன்மேல் கல்லை அமர்த்துவார்கள். கல்லின் அடியில் பளபளக்கும் ஒரு தகடு. அதில் ஒளி பட்டுத் திரும்பும்போது மங்கிய சிவப்பும் கனல்போல எழும். கல்லைச் சுற்றி மாற்றுக் குறையாத மென்பொன் இழையை அழுத்தி விளிம்பு கட்டினால் வேலை முடிந்தது. பின்புறம் மூடியே இருக்கும். பொன்னைச் சிக்கனப்படுத்திக்கொண்டே நகையைப் பருமனாகக் காட்டும் உபாயம் இது. தென்மாவட்டத்துப் பாட்டிமார் வளர்த்த காதில் அணிந்த பாம்படமும் இதே உபாயத்தில் பிறந்ததுதான், உள்ளே அரக்கு, மேலே பொன்தகடு. கோளமும் சதுரமுமாக அதன் வடிவம் இன்றைய நவீனச் சிற்பியையும் வியக்கவைக்கும். காது வளர்க்கும் வழக்கம் போனது. வளர்த்த காதையும் பலர் அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். அதோடு பாம்படமும் உலைக்குப் போனது.

சோழர் செப்புத்திருமேனிகளில் தோள்வளை, மார்பில் சன்னவீரம், வயிற்றைச் சுற்றி உதரபந்தம் எல்லாம் உண்டு. மூக்குத்தி மட்டும் இல்லை. பழைய சங்கப் பாடல்களிலும் மூக்கணி பேசப்படவில்லை. இந்திய மூக்கணியின் பழமையை ஆராய்ந்த பி. கே. கோடே அது பிற்கால வரவு என்றே முடிவுசெய்தார். தமிழ்ப்பெண்ணின் அடையாளம் என்று நாம் கொண்டாடும் மூக்குத்தியை ராஜராஜனின் பட்டத்தரசி அணிந்திருக்க வாய்ப்பில்லை. சரித்திரத் திரைப்படக்காரர்கள் இதைக் கேட்டால் வருத்தப்படுவார்கள்.

16-ஆம் நூற்றாண்டில் கோவா பெரிய ரத்தினச் சந்தையானது. கொலம்பியாவின் மரகதம் கடல்வழியே வந்து, பர்மா, இலங்கைச் சிவப்புகளோடும் கோல்கொண்டா வைரத்தோடும் ஒரே பதக்கத்தில் அமர்ந்தது. காசுகளும் அப்படியே. ரோமானியக் காசில் துளையிட்டு, கொக்கி வைத்துக் கழுத்தில் அணிவது இங்கே முன்பே இருந்த பழக்கம். பிற்காலத்தில் வெனிஸ் நகரத்துப் பொற்காசு வந்தபோது, புனிதர் முன் கொடிக்கம்பைப் பிடித்து மண்டியிட்ட ஆட்சியாளரைப் பார்த்துத் தெற்கே உள்ளவர்கள் பனையேறுபவர் என்று கருதினார்கள். காசுமாலையில் அந்தக் காசும் ஏறியது. பிறகு விக்டோரியாவின் சவரன் அந்த இடத்தைப் பிடித்தது. இன்றும் 8 கிராம் பொன்னை நாம் அந்தக் காசின் பெயரில்தான் கேட்டு வாங்குகிறோம்.

19-ஆம் நூற்றாண்டில் இரண்டு திசைகளில் இழுப்பு. மதராஸ் மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற ஐரோப்பியக் கடைகள், நம் பத்தர்களின் கைவேலையைக் கொண்டு தெய்வ உருவங்களைப் பொன்தகட்டில் புடைத்தெழச் செய்து, வளையலும் ப்ரூச்சுமாக வெள்ளையருக்கு விற்றன. 'சுவாமி' நகை என்று பெயர். 1875-76-இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்துபோனபின் அதற்கு மவுசு கூடியது. இன்று லட்சுமியும் பிள்ளையாரும் வரிசையாக நிற்கும் மாலைகள் சோழர் சாயலைவிட இந்தச் சுவாமி நகைக்கே நெருக்கமானவை என்பது என் கணிப்பு. மறுபுறம், 1870-இல் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்பான்டெய்னில் வைரம் கிடைக்கத் தொடங்கியது. நீலச்சாயல் கொண்ட அந்தச் சுரங்கத்துக் கல்தான் நம் வீடுகளில் 'ப்ளூ ஜாகர்' ஆனது. ஏழு கல் தோடும் மூக்கில் எட்டுக்கல் பேசரியும் வசதியின் அடையாளமாயின. சிவப்பின் ஆட்சி வைரத்துக்கு வழிவிட்டது.

சிவப்புக்கு அடுத்த அடி ஆய்வுக்கூடத்திலிருந்து விழுந்தது. 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னெய் தீச்சுடரில் மாணிக்கத்தை உருவாக்கும் முறையை வெளியிட்டார். செயற்கைக் கல் மலிவாகக் குவிந்தது; வண்ணக் கண்ணாடியும் சேர்ந்துகொண்டது. 'கெம்பு' என்று இன்று நாட்டிய அரங்கில் பார்ப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். 1936-இல் ருக்மணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரா பரதநாட்டியத்தின் தோற்றத்தைப் புதிதாக வகுத்தபின், தலைச்சாமான், ஜடைநாகம், ஒட்டியாணம் என்ற முழுத்தொகுதிக்கும் மேடையில் நிரந்தரத் தேவை பிறந்தது. நாகர்கோவில் வடசேரியின் கைவினைஞர்கள் வெள்ளிக் கூட்டில் அரக்கு நிரப்பி, கெம்பு பதித்து, பொன்தாள் ஒட்டி அந்தத் தேவையை நிறைவேற்றுகிறார்கள். கோயில் நகை என்ற பெயரில் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறார்கள். பொருள் மலிவாகிவிட்டது, முறை மட்டும் அப்படியே இருக்கிறது. என் பார்வையில் பழமை அந்த முறையில்தான் உயிரோடு இருக்கிறது.

பொன் வேலையில் கை ஒடிந்த காலமும் உண்டு. சீனப் போருக்குப் பின், 1963-இல் வந்த பொன் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றன. தூய பொன் இல்லாமல் பழைய கல் பதிப்பு வேலை நடக்காது. சில ஆண்டுகளில் அந்தத் தடை தளர்ந்தாலும், 1968-இல் தனிச் சட்டம் வந்து 1990 வரை நீடித்தது. தொழிலைவிட்டுப் போன பத்தர் குடும்பங்கள் பல திரும்பவில்லை.

2021-இல் ஹால்மார்க் முத்திரை கட்டாயமானபோது குந்தன், போல்கி, ஜடாவ் வகைக் கல் பதிப்பு நகைகளுக்கு அரசு விலக்கு அளித்தது. கல்லும் நிரப்பும் கலந்து நிற்கும் நகையில் பொன்னை மட்டும் பிரித்துச் சோதிப்பது எளிதல்ல. தஞ்சைக் கல்வெட்டு எழுதியவர்கள் எதிர்கொண்டதும் இதே சிக்கல்தான்.

பழைய நகையை மாற்றப் போகும்போது கடையில் கல் எடையையும் அரக்கையும் கழித்துவிட்டுப் பொன்னுக்கு மட்டும் விலை போடுவார்கள். வேலைப்பாட்டுக்கு விலை கிடையாது. எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பழைய நகையை அழிப்பதற்கு முன் அதன் முன்புறத்தையும் பின்புறத்தையும் படம் எடுங்கள். எத்தனை கல், என்ன கல், எடையில் சரடும் அரக்கும் சேர்ந்தவையா, யார் யாருக்குச் செய்துபோட்டது என்பதை ஒரு தாளில் எழுதி, படத்தோடு வையுங்கள்.