அபினி மருந்தும் நோயாளர் சான்றும்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருத்துவர் கூற்றாகவே அமைந்துளது. மருந்துண்டோர் கூற்று அதன்கண் அருகியே காணப்படும். அபினியைப் பொறுத்தவரை இக்குறையை நிரப்ப இங்கிலாந்து எழுத்தாளர் இருவர் சான்று உதவுகின்றது.

தாமசு டி குவின்சி 1804-இல் முகநோவு தணிய இலண்டன் கடையொன்றில் அபினி வாங்கினார். மருத்துவர் சீட்டு அன்று வேண்டப்படவில்லை. 1813-இல் வயிற்றுநோய் மிகவே, நாள்தோறும் உண்ணலானார். 1821-இல் தம் பட்டறிவை இதழொன்றில் வெளியிட்டபோது, அபினியின் இன்பத்தையும் துன்பத்தையும் தனித்தனியே வகுத்துரைத்தார். கொடுங்கனவும் செயலறுதியும், அளவைக் குறைக்குங்கால் எழும் உடல்வாதையும் அந்நூலிற் பதிவாகியுள்ளன. கவிஞர் கோல்ரிட்சு தம் கடிதங்களிலும் குறிப்பேடுகளிலும் கடும் மலச்சிக்கலையும் எழுதிவைத்தார். 1816-இல் மருத்துவர் கில்மன் இல்லத்தில் அடைக்கலம் புகுந்து, 1834-இல் இறக்குந்துணையும் ஆண்டே வாழ்ந்தார்.

இருவரும் நோய் தணியவே இம்மருந்தை நாடினர் என்பது ஈண்டுக் கருதற்பாலது. கோல்ரிட்சு தம் அடிமைநிலையை மனத்திட்பக் குறையென நொந்துகொண்டார். உடல் மருந்திற்குப் பழகிவிடுதலே அதன் அடிப்படை என இன்றைய மருத்துவம் தெளிவுறுத்துகின்றது. அபினியை 'நஞ்சு' எனப் பெயரொட்டி விற்கப் பணித்த சட்டமோ 1868-இலேதான் பிறந்தது. டி குவின்சி எழுதி 47 ஆண்டுகள் கழிந்தபின் வந்தது அது. எனவே, நோயாளர் கூற்றைப் புலம்பலென ஒதுக்காது, முதன்மைச் சான்றாகக் கொள்ளுதலே வரலாற்று நெறியாகும் என்பது எம் துணிபு.