வழியும் வாயிலும்

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால், பாலுச்செட்டிசத்திரத்துக்கு அருகே திருப்புட்குழி என்னும் திருத்தலம் இருக்கிறது. புள் என்பது பறவை. சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் இது என்று தலவரலாறு கூறும். இராமானுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடங்கேட்டதும் இவ்வூரிலேதான் என்பது வைணவ மரபு. இவற்றைப் பற்றி அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். நான் எடுத்துக்கொண்டதோ, இத்தகைய ஊர்களின் வீடுகளிலும் இன்று சுவரில் தொங்குகின்ற ஒரு சிறு பெட்டியின் வரலாறு. ரௌட்டர் என்று அதனை அழைக்கிறோம். செய்திக்கு வழி காட்டுவதும், வரத் தகாததை வாயிலிலே நிறுத்துவதும் அதன் தொழில்கள். இவ்விரண்டும் ஒருங்கே பிறந்தவை அல்ல. வழி முன்னே பிறந்தது. வாயிலோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, ஓர் இடர் நேர்ந்த பின்னரே பிறந்தது. அந்த இடைவெளியின் பயனை நம் வீடுகள் இன்றும் அனுபவித்து வருகின்றன.

1969 அக்டோபர் 29 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு செய்தி சென்றது. அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பின் தொடக்கம் அது. அங்கே செய்தியைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் முகவரி எழுதி அனுப்பினார்கள். இடையிலிருந்த பொறிகள் தமக்குள் நிலவரம் பேசிக்கொண்டு, எவ்வழி விரைவானது என்று தாமே முடிவு செய்தன. அண்டைப் பொறி சொல்வதை இப்பொறி நம்பியது. இது சொல்வதை அடுத்தது நம்பியது. 1980 அக்டோபர் 27 அன்று ஒரு பொறியின் உறுப்பு பழுதுபட்டு, நிலவரச் செய்தியில் சில எண்களைத் திரித்துவிட்டது. திரிந்த செய்தி எங்கும் பரவி, வலையமைப்பு முழுவதும் பல மணி நேரம் செயலற்றுக் கிடந்தது. பகைவன் ஒருவனும் இல்லை. நம்பிக்கை ஒன்றே போதுமானதாக இருந்தது!

இதற்கு மாறானது நிலைவழி. இன்ன முகவரிக்குரிய பொட்டலத்தை இன்ன பொறியிடம் ஒப்படைக்க என்று மனிதன் தன் கையால் எழுதி வைப்பது அது. செவிவழிச் செய்திக்கும் கல்வெட்டுக்கும் உள்ள வேறுபாடு என்றே கொள்ளலாம். கல்வெட்டை வதந்தி திருத்தாது. ஆனால் பாலம் உடைந்தாலும் கல்வெட்டு பழைய பாதையையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பெருநாடுகளை இணைக்கும் வலைக்கு அது பொருந்தாது. ஒரே வாயிலுள்ள வீட்டுக்கு அதுவே சாலப் பொருந்தும் என்பது என் கருத்து.

இனி வாயிலின் கதைக்கு வருவோம். 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் என்பவர் ஒரு நிரலை வலையில் விடுத்தார். தானே தன்னைப் படியெடுத்து, பொறிக்குப் பொறி தாவும் நிரல் அது. முன்பே தான் புகுந்த பொறியாயினும் ஏழில் ஒரு தடவை மறுபடியும் குடியேறுமாறு அதனை அமைத்திருந்தார். அதுவே கேடாயிற்று. படிகள் பெருகிப் பெருகிப் பொறிகள் மூச்சுத் திணறின. சுமார் 6,000 கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என்பது அக்கால மதிப்பீடு. அது புகுந்த வழிகளுள் ஒன்று, எளிய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்ப்பது. 1990இல் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகத் தொண்டும், அபராதமும் விதித்தது. அவர் பின்னர் பேராசிரியரானார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வழியில் நிற்கும் பொறி ஒவ்வொரு பொட்டலத்தையும் சோதித்து, விதிப்படி விடவும் மறுக்கவும் வேண்டும் என்ற எண்ணம் இதன் பின்னர் வலுப்பெற்றது. டிஜிட்டல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி மோகுல் 1989இல் அத்தகைய சோதனை முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். ஃபயர்வால் என்ற பெயர் இதற்கு நிலைத்தது. தமிழில் தீயரண் என்கிறோம். ஒரு கட்டடத்துத் தீ மறு கட்டடத்துக்குப் பரவாமல் நடுவே எழுப்பும் சுவரின் பெயர் அது. எனக்கு இப்பெயரில் முழு நிறைவில்லை. சுவர் எவரையும் விடாது. இதுவோ ஆள் பார்த்து விடுகின்ற வாயில்.

நம் நாட்டில் 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டம் கல்வி நிலையங்களை இணைத்தது. 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அன்று மதராஸ் என்று வழங்கிய சென்னையும் அந்நகரங்களுள் ஒன்று. 1996 பிப்ரவரியில் சில எண் வரிசைகள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் வழங்கத்தக்கவை என்று வகுக்கப்பட்டன. நம் வீட்டுப் பெட்டிகள் பலவற்றின் முகவரி 192.168 என்று தொடங்குவது அதனால்தான்.

நெசவாளர் வீடு ஒன்றைக் கற்பனை செய்வோம். முன்கட்டில் முதல் ரௌட்டர். அதன் முகவரி 192.168.1.1. பின்கட்டுத் தறிக்கூடத்தில் இரண்டாவது ரௌட்டர். முன்கட்டை நோக்கிய பக்கத்தில் அதற்கு 192.168.1.2 என்பது மாறாத முகவரி. சேலையின் புட்டாவும் முந்தானையும் வரையும் கணிப்பொறி அதன் உட்புறத்தில், 192.168.2 என்று தொடங்கும் வலையில் இருக்கிறது. முகவரி மாற்றும் வேலையை இரண்டாவது பெட்டியில் நிறுத்திவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். முன்கட்டிலுள்ளவர் அந்த வரைபடத்தைக் கேட்டால், முதல் பெட்டிக்கு அவ்வலை எங்குள்ளது என்றே தெரியாது. தெரியாத யாவற்றையும் வெளியுலகுக்கு அனுப்புவது அதன் வழக்கம். பொட்டலம் தெருவோடு போய்விடும். ஆகவே முதல் பெட்டியில் ஒரு வரி எழுத வேண்டும்: சேரிடம் 192.168.2.0, மறைப்பெண் 255.255.255.0, அடுத்த வாயில் 192.168.1.2. நிலைவழி என்பது இவ்வளவே.

வழி எழுதியும் வரைபடம் வராமற்போகலாம். இரண்டாவது பெட்டியின் தீயரணுக்கு முன்கட்டும் அயலூரே. அங்கே 192.168.1.0 வலையிலிருந்து வருவோரை விடுக என்று தனியே விதி எழுத வேண்டும். வழியும் வாயிலும் வெவ்வேறு காலத்துப் பிள்ளைகள் என்றேன் அல்லவா? ஒன்றைத் திறந்தால் மற்றொன்று தானே திறவாது.

இதைவிடப் பெரியதொரு குறை உண்டு. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லோடேயே பெட்டி வீட்டுக்கு வருகிறது. பலர் அதனை மாற்றுவதில்லை. 2016இல் மிராய் என்னும் தீநிரல் அத்தகைய கடவுச்சொற்கள் சிலவற்றை வைத்துக்கொண்டே உலகெங்கும் கேமராக்களையும் வீட்டு ரௌட்டர்களையும் கைப்பற்றியது. 2017 ஜூலையில் நம் நாட்டில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளரின் மோடம்கள் பல, கடவுச்சொல் மாற்றப்படாத காரணத்தால், இவ்வாறே தாக்குண்டன. மோரிஸின் நிரல் ஊகித்துப் பார்த்த காலத்துக்குப் பின் இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஆகையால் தறிக்கூடத்துப் பெட்டியில் முதலில் கடவுச்சொல்லை மாற்றி, வெளியூரிலிருந்து அதனை நிர்வகிக்கும் வசதியை அணைத்துவிட்ட பின்னரே விதிகளுக்கு வரவேண்டும். பெரும்பாலான தீயரண்கள் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலிற் பொருந்துவதையே ஏற்கும். உள்ளிருப்போர் தொடங்கிய உரையாடலுக்கு வரும் மறுமொழியை விடுக என்பது முதல் வரி. முன்கட்டு வலையிலிருந்து வருவதை விடுக என்பது இரண்டாவது. ஏனைய யாவற்றையும் மறுக்க என்பது கடைசி வரி. அதனைத் தவறி மேலே எழுதிவிட்டால், அதன் கீழுள்ள வரிகளைப் பெட்டி படிக்கவே படிக்காது.