பாலர் மேடையிலிருந்து இசைத்தட்டு வரை: எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலும் குறுகிய வாழ்வும் (1906–1933)

முன்னுரை

எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று காலமானபோது அவருக்கு வயது 27. அவ்வாழ்வில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மேடையில் கழிந்தவை. தமிழ் நாடக வரலாறு அவரை இரண்டு நிலைகளில் நினைவுகூர்கிறது. ஒன்று, ஈடற்ற குரல்வளம் படைத்த பாடக நடிகர், மற்றொன்று, கே.பி. சுந்தராம்பாளின் காதற் கணவர். இரண்டும் மெய்யே. ஆயினும், குடும்பத்தின் வறுமை காரணமாக விவரமறியாப் பருவத்திலேயே மேடையேறி உழைத்த சிறுவர் அவர் என்னும் செய்தி இவ்விரு படிமங்களுக்கும் பின்னே மறைந்துவிடுகிறது. பாலர் நாடகக் குழு என்னும் தொழில் அமைப்போடு இணைத்து நோக்கும்போதுதான் கிட்டப்பாவின் எழுச்சியும் அகால மரணமும் வரலாற்றுப் பொருள் பெறுகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

பாலர் குழுவின் தோற்றமும் இயல்பும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நாடக மேடையில் வயதுவந்த நடிகர்களின் ஒழுங்கின்மை பெருஞ்சிக்கலாக இருந்தது. பாடத்தை மீறிப் பேசுதல், மேடையிலேயே ஒருவரோடொருவர் வாதிடுதல் போன்றவை நாடகத்தின் கட்டமைப்பைச் சிதைத்தன. இதற்கு மாற்றாகவே சங்கரதாஸ் சுவாமிகள் முதலிய நாடக ஆசிரியர்கள் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்த முற்பட்டனர். 1918இல் மதுரையில் உருவான தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

சிறுவர்கள் குழுவின் இல்லத்திலேயே தங்கினர். உணவும் உறைவிடமும் பயிற்சியும் குழுவின் பொறுப்பு. ஊதியம் பெற்றோரைச் சேர்ந்தது. இரவில் தொடங்கும் நாடகம் விடியும்வரை நீளும். 1918இல் ஆறு வயதில் இச்சபையில் சேர்ந்த டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ இச்சூழலை உள்ளிருந்து பதிவுசெய்கிறது. பள்ளிக்கூடம், தொழிற்கூடம், வீடு ஆகிய மூன்றின் இடத்தையும் ஒரே நிறுவனம் எடுத்துக்கொண்டது என்பதே இவ்வமைப்பின் தனித்தன்மை. அதனால் அதன் கண்டிப்பிலிருந்து ஒதுங்கி நிற்கச் சிறுவனுக்கு வேறிடம் இல்லை.

செங்கோட்டைச் சிறுவன்

கிட்டப்பா 1906 ஆகஸ்ட் 25 அன்று, அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த செங்கோட்டையில் பிறந்தார். இயற்பெயர் இராமகிருஷ்ணன். பெரிய குடும்பத்தின் வறுமை அவருடைய தமையன்மாரை மேடைக்கு அழைத்துச் சென்றது. அவர்களைப் பின்பற்றி ஆறு வயதளவில் கிட்டப்பாவும் மேடையேறினார். ஏட்டுக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. கேட்டதைக் கேட்டவாறே பற்றிக்கொள்ளும் செவியே அவருடைய கல்வியாயிற்று. பின்னர், பிரமாண்டமான காட்சியமைப்புகளுக்குப் பெயர்பெற்ற கன்னையா குழுவில் சேர்ந்து, ‘தசாவதாரம்’ முதலிய நாடகங்களின் வழியாகப் பெரும்புகழ் எய்தினார்.

மகரக்கட்டு என்னும் வாயில்

பாலர் குழுவின் நடிகனுக்குப் பருவ மாற்றம் ஒரு தொழில் நெருக்கடி. குரல் உடையும் நிலையை நாடகத்தார் ‘மகரக்கட்டு’ என்றனர். நேற்றுவரை கதாநாயகனாகப் பாடிய சிறுவன் மகரக்கட்டுக்குப் பின் சிறுவேடங்களுக்கு இறங்க நேரும். குழுவை விட்டே விலகவும் நேரும். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் கதாநாயகனாக விளங்கிய பி.யு. சின்னப்பா குரல் உடைந்தபின் அதைவிட்டு விலகினார். பின்னரே திரைப்பட நடிகராக மீண்டார். அவரும் 1951இல் 35 வயதிலேயே மறைந்தார்.

கிட்டப்பா இந்த வாயிலைத் தம் உச்ச சுருதியை இழக்காமலே கடந்தார். அவருடைய புகழின் அடித்தளம் இதுவே. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும் குரலே நடிகனின் மூலதனம். அக்குரலில் தியாகராஜர் கீர்த்தனைகளின் நுட்பமும் விருத்தங்களின் உருக்கமும் கூடியபோது, நாடகப் பாட்டைத் தாழ்வாகக் கருதிய கச்சேரி ரசிகர்களும் கொட்டகைக்கு வந்தனர்.

ஆனால், மூலதனம் உடலிலேயே தங்கியிருப்பது ஓர் இடர். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்னும் முறையில் நடிகர்கள் தனித்தனியே இரவுக் கணக்கில் ஒப்பந்தம் செய்யப்பட்டனர். மேடையேறிய இரவுக்கு மட்டுமே ஊதியம். கண்டிப்போடு காத்த குழுவின் கூரை இங்கில்லை; பொருளும் புகழும் பெருகின, ஓய்வு சுருங்கியது. ‘ஒன்ஸ் மோர்’ என்னும் அரங்கத்தின் குரலுக்கு இணங்கி ஒரே பாடலை மீண்டும் பாடுவது நடிகனின் கடமையாயிற்று.

இணையும் பிரிவும்

கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாளும் வேலு நாயர் குழுவில் சிறுமியாக மேடையேறியவர். 1926இல் இலங்கையில் இருவரும் இணைந்து நடித்தனர். 1927இல் மணம் புரிந்தனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களில் இருவரும் போட்டியிட்டுப் பாடியது தமிழ் மேடையின் பெருநிகழ்வாயிற்று. இல்வாழ்வில் பிணக்குகள் நேர்ந்தன. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. பிரிவுக் காலத்தில் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் பதிப்பிக்கப்பட்டுள்ளன. கிட்டப்பாவின் இறுதிக் காலத்தைப் பற்றிய நினைவுக்குறிப்புகள் மதுப்பழக்கத்தையும் வயிற்று நோயையும் சுட்டுகின்றன.

இம்மரணத்தைத் தனிமனிதப் பலவீனத்தின் விளைவாகவோ காதற் சோகத்தின் முடிவாகவோ கூறுவது எளிது. தொழில் அமைப்பே அவரைக் கொன்றது என்பதும் மிகைக்கூற்றாகும். கருதத்தக்கது ஒன்று: ஆறு வயது முதல் இரவைப் பகலாக்கி உழைத்த ஓர் உடல் நலிவுற்றபோது, அதைத் தாங்குவதற்கென அத்தொழிலில் எந்த ஏற்பாடும் இல்லை. சிறுவனைப் பயிற்றுவிக்க நிறுவனம் இருந்தது. அவன் வளர்ந்து தளரும்போது அரவணைக்க நிறுவனம் இல்லை.

எஞ்சியவை

முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தும் கிட்டப்பா எப்படத்திலும் நடிக்கவில்லை. அவருடைய நடிப்புக்கு அசையும் சான்று இல்லை, இசைத்தட்டுகளே எஞ்சின. விடியவிடிய விரிந்த பாட்டு, பக்கத்திற்கு மூன்று நிமிடம் என்னும் அளவுக்குள் சுருங்கியே நமக்குக் கிடைக்கிறது. கொட்டகையின் ‘ஒன்ஸ் மோர்’ அத்தட்டுகளில் இல்லை.

இருபத்தைந்து வயதில் கணவரை இழந்த சுந்தராம்பாள் வெண்ணிற உடை தரித்தார். ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என்னும் உறுதியை மேற்கொண்டார். 1935இல் வெளியான ‘நந்தனார்’ படத்தில் ஆண்வேடமேற்று நடிக்க ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். மேடைக் குரலுக்குத் திரையுலகம் தரவிருந்த விலையை இத்தொகை காட்டுகிறது. அவ்விலையைக் காணக் கிட்டப்பா இல்லை.

முடிவுரை

நாடகக் கலைஞர்களின் அரசியல் பங்களிப்பைத் தியடோர் பாஸ்கரனும், இசைத்தட்டு வணிகம் உருவாக்கிய வெகுமக்கள் பண்பாட்டை ஸ்டீபன் ஹியூஸும் ஆராய்ந்துள்ளனர். பாலர் நடிகர்களின் உழைப்பு, ஊதியம், உடல்நலம் ஆகியவற்றையும் அதே அக்கறையோடு அணுகவேண்டியுள்ளது. கிட்டப்பா புகழ்பெற்றதால் அவர் மரணம் நினைவில் நின்றது. மகரக்கட்டோடு மேடையிலிருந்து இறங்கிப் பெயரின்றி மறைந்த சிறுவர்கள் பலர். கிட்டப்பாவின் வாழ்வை அவர்களது வரலாற்றின் ஒரு பகுதியாக வாசிப்பதே அவருக்கும் அவர்களுக்கும் செய்யும் நீதியாகும்.