செல்லுக்குள் சர்க்கரைக்கு அடையாளமிடுதல்

செல்லின் நுண்ணுறுப்புகளில் கட்டப்படும் சர்க்கரைச் சங்கிலிகளில் வேதிப்பிடி ஒன்றைச் செருகி, அதில் ஒளிர்சாயத்தை மாட்டி, நுண்ணோக்கியில் காணும் முறை. புரதத்தைப் பார்க்க வேண்டுமானால் அதன் மரபணுவோடு ஒளிரும் புரதமொன்றின் மரபணுவை ஒட்டிவிடலாம். சர்க்கரைச் சங்கிலிக்கு நேரடி மரபணு வார்ப்பு கிடையாது. எண்டோபிளாச வலையிலும் கோல்கி உறுப்பிலும் உள்ள நொதிகளே அதைக் கோக்கின்றன. ஆகவே சர்க்கரைக்குள்ளேயே அடையாளத்தை வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

முதலில் வைக்கப்பட்ட அடையாளம் கதிரியக்கம். மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மரியன் நியூட்ராவும் சார்லஸ் லெப்லாண்டும் கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் ஏற்றிய குளுக்கோசை எலிகளுக்கு ஊசியில் செலுத்தினர். 1966இல் வெளியான அவர்களது படங்களில், குடலின் சளி சுரக்கும் செல்களில் சில நிமிடங்களிலேயே கோல்கியின் தட்டையான பைகள்மேல் கதிரியக்கத்தின் கரும்புள்ளிகள் விழுந்திருந்தன. சுமார் நாற்பது நிமிடத்தில் அவை சளித் துகள்களுக்கு நகர்ந்துவிட்டன. சளியின் சர்க்கரை எங்கே கோக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அப்போது இல்லை. ஆனால் ஒவ்வொரு படமும் கொன்ற விலங்கின் திசுவிலிருந்து எடுத்தது. ஒரே செல்லைத் தொடர்ந்து பார்க்க வழியில்லை.

பெர்லினில் வெர்னர் ராய்ட்டரின் குழு 1992இல் வேறொரு வாசலைத் திறந்தது. பக்கச்சங்கிலி சற்றே மாறிய மானோசமைன் என்ற சர்க்கரையைக் கொடுத்தபோது, செல்லின் நொதிகள் அதை மறுக்காமல் சியாலிக் அமிலமாக்கிக்கொண்டன. நொதிகளின் இந்தத் தாராளத்தை கரோலின் பெர்டோசி பயன்படுத்திக்கொண்டார். பெர்க்லியில் அவர் குழு 1997இல் கீட்டோனையும், 2000இல் மூன்று நைட்ரஜன் கொண்ட அசைடையும் சர்க்கரையில் ஏற்றியது. அசைடு செல்லில் இயல்பாக இல்லாதது. அதனால் சாயம் அதை மட்டுமே தேடிப் பிடிக்கும். ஆனால் அசைடும் சாயத்திலுள்ள அல்கைன் தொகுதியும் விரைவாக இணையத் தாமிரம் தேவைப்பட்டது. அது உயிருள்ள செல்லுக்கு நஞ்சு. வளைய இறுக்கம் கொண்ட அல்கைனான சைக்ளோஆக்டைன் 2004இல் அந்தத் தேவையை நீக்கியது. 2008இல் வரிக்குதிரை மீனின் கருவிலேயே சர்க்கரைகள் ஒளிர்ந்தன. 2022 வேதியியல் நோபல் பெர்டோசி, மெல்டல், ஷார்ப்லெஸ் மூவருக்கும் கிடைத்தது.

இவை பெரும்பாலும் செல்லின் மேற்பரப்பு வெற்றிகள். உள்ளே நிலைமை வேறு: சவ்வைத் தாண்டிய சாயத்தில் ஒட்டாமல் மிஞ்சியதைக் கழுவி வெளியேற்றுவது கடினம்; அது எங்கும் மங்கலாகப் பரவி கோல்கியை மறைத்துவிடும். இணைந்த பிறகே ஒளிரும் சாயங்கள் இங்கே கைகொடுத்தன. சீ-ஹுய் வோங்கின் குழு 2006இல் ஃபியூகோஸ் என்ற சர்க்கரைக்கு அப்படியொன்றைக் காட்டியது.

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிக்கவில்லை. சர்க்கரை சவ்வைக் கடக்க அதன் ஹைட்ராக்சில் தொகுதிகளையெல்லாம் அசிடைலால் மூடி அனுப்புவது வழக்கம். அத்தகைய சர்க்கரை நொதியின் துணையின்றியே புரதங்களின் சிஸ்டீன் அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று பீக்கிங் பல்கலைக்கழகக் குழு 2018இல் காட்டியது. செல்லுக்குள் கண்ட ஒளியில் எவ்வளவு உண்மையான சங்கிலி என்ற கேள்வி பழைய படங்கள் சிலவற்றின்மேல் விழுந்தது. இரண்டு இடங்களில் மட்டும் மூடிய சர்க்கரைகளை அதே குழு 2019இல் மாற்றாக முன்வைத்தது.