மூன்றாம் தெய்வத்தின் மௌனம்

காப்பியம் ஒன்று முற்றுப்பெற்ற பின்னரும் அதன் மாந்தர் ஓய்ந்துவிடுவதில்லை. சிலப்பதிகாரம் சுட்டிச் செல்லும் மாதவியின் மகளை எடுத்துக்கொண்டு சாத்தனார் தனியொரு காப்பியமே படைத்தார். முன்னூல் விட்டுவைத்த இடம் பின்னூலுக்கு விளைநிலமாயிற்று. இவ்வியல்பு ஏட்டுக்கும் தாளுக்கும் மட்டுமே உரியதன்று. கணினித் திரையில் ஆடப்படும் கதைகளிலும் அது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்து வருகின்றது. நம் இலக்கிய அரங்குகள் அதனைப் பெரிதும் பொருட்படுத்தியதில்லை என்பது வேறு செய்தி.

ஆடுபவரே கதைமாந்தருள் ஒருவராகி, கற்பனை நாடொன்றில் உலவி, செயல்களால் கதையை நகர்த்திச் செல்லும் விளையாட்டு வகை ஒன்று உண்டு. மூல விளையாட்டு வெளிவந்த சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ அதனோடு இணைத்து ஆடத்தக்க புதிய பகுதியொன்றை விற்பனைக்கு விடுவர். அதற்கு விரிவாக்கம் என்று பெயர். 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘விசார்ட்ரி’யின் இரண்டாம் பகுதியை (1982) ஆட வேண்டுமானால் முதற்பகுதியில் வளர்த்த வீரர்களையே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 1992இல் ‘அல்டிமா’ ஏழாம் பகுதிக்கு வந்த விரிவாக்கம் ஒரு தீவையும் வலியதொரு வாளையும் தந்தது. நிலம் கூடிற்று, படைக்கலம் கூடிற்று. கதை ஆழ்ந்ததா என்றால், அவ்வளவாக இல்லை என்றே சொல்ல வேண்டும்.

விரிவாக்கம் என்பது முன்கதையின் விளைவாகவே முளைக்க வேண்டும் என்னும் நெறிக்குச் சிறந்த சான்று, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து பெதஸ்டா நிறுவனத்தின் படைப்பொன்றில் கிடைக்கின்றது. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையின் மூன்றாம் பகுதியாகிய ‘மாரோவிண்ட்’ 2002 மே திங்களில் வெளிவந்தது. அதன் முதல் விரிவாக்கமாகிய ‘ட்ரிப்யூனல்’ அவ்வாண்டு நவம்பரிலேயே வந்துவிட்டது.

இவ்விளையாட்டின் தொன்மம் சுருக்கமாக இது. நெரவார் என்னும் தலைவன் செம்மலைப் போரின் முடிவில் இறக்கின்றான். அவன் மனைவி அல்மலெக்சியா, அறிஞன் சோதா சில், போர்மறவனும் புலவனுமாகிய விவெக் ஆகிய மூவரும் செம்மலையின் அடியில் கிடந்த, மாண்ட கடவுளொருவனின் இதயத்திலிருந்து ஆற்றல் பெற்றுத் தெய்வங்களாகின்றனர். நெரவார் எவ்வாறு இறந்தான்? போர்ப்புண்ணால் இறந்தான் என்கிறது கோயில். அம்மூவருமே அவனைக் கொன்றனர் என்கின்றனர் பாலைக்குடிகள். விளையாட்டினுள் அலமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கும் நூல்கள் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஆசிரியர் தரப்பில் தீர்ப்பு எதுவும் இல்லை.

அந்நூல்களுள் விவெக்கின் முப்பத்தாறு உபதேசங்கள் கவிஞர்கள் கருதத்தக்கவை. மைக்கேல் கிர்க்பிரைட் எழுதிய இவை, புரிந்தும் புரியாததுமான புதிர்நடையில் ஒரு தெய்வம் தன்னைத்தானே பாடிக்கொள்வதாக அமைந்தவை. இறுதி உபதேசத்தின் பத்திகள்தோறும் முதலெழுத்துகளை எடுத்துக் கூட்டினால் ஆங்கிலத்தில் ‘கொடுங்கொலை’ எனப் பொருள்படும் சொற்கள் கிடைக்கும். வேறோர் உபதேசத்தில் வரும் எண்களைப் பிற உபதேசங்களின் சொற்களோடு பொருத்தினால், தலைவனைக் கொன்று தெய்வநிலையைத் திருடியதாக ஓர் ஒப்புதல் வெளிப்படும். புகழுரைக்குள் குற்றத்தைப் புதைத்துவைக்கும் இவ்வுத்தி, சித்திரகவி பயின்றோர்க்கு எளிதில் சுவைபடும். அதனை விளையாட்டு எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை. படிப்பவரே கண்டடைய வேண்டும்.

மூல விளையாட்டில் ஆடுபவர் நெரவாரின் மறுபிறப்பாகக் கருதப்படுபவர். மூன்று தெய்வங்களுள் விவெக் ஒருவனே கண்முன் தோன்றுகின்றான். ஏனை இருவரும் பெயரளவில் நிற்கின்றனர். முடிவில் ஆடுபவர் அக்கடவுள் இதயத்தின் மீதிருந்த மந்திரக்கட்டினை அறுக்கின்றார். நாடு பிழைக்கின்றது, தெய்வங்களின் ஆற்றல் வற்றத் தொடங்குகின்றது. விளையாட்டு அங்கே முடிந்தது.

தெய்வமாயிருந்த ஒருத்தி, தெய்வத்தன்மை வற்றுவதை உணரும்போது என்ன ஆவாள்? ‘ட்ரிப்யூனல்’ இவ்வினாவிலிருந்தே எழுகின்றது. மூர்ன்ஹோல்ட் நகரில் அல்மலெக்சியா இப்பொழுது நேரில் தோன்றுகின்றாள். முற்பிறவிக் கணவனிடம் கனிவாகப் பேசுகின்றாள். அவன் கையாலேயே பழம்பொறி ஒன்றை இயக்குவித்துத் தன் மக்கள்மீது சாம்பற்புயலை ஏவுகின்றாள். உடைந்துபோன நெரவாரின் வாளை மீண்டும் ஒன்றாக்கச் செய்கின்றாள். நகரில் நேர்ந்த பொறியுயிர்களின் தாக்குதலுக்குச் சோதா சில் மீது பழி சுமத்தி, அவனுடைய கடிகாரப் பொறி நகருக்கு ஆடுபவரை அனுப்புகின்றாள்.

நெடுங்காலம் மறைந்து வாழ்ந்த அத்தெய்வத்தை ஆடுபவர் அடையும்போது அவன் ஏற்கனவே பிணம். கம்பிகளுக்கும் குழாய்களுக்கும் இடையே தொங்கிக்கிடக்கின்றான். ஒரு சொல்லும் இல்லை. அவனைக் கொன்றவள் அல்மலெக்சியாவே. பின்தொடர்ந்து வரும் அவள், அவன் சாகும்போதும் வாய்திறக்காததையே பெருங்குறையாகக் கூறிச் சினக்கின்றாள். ஆடுபவரையும் கொன்று தியாகியாக்கி, தான் ஒருத்தியே தெய்வமாக நிலைப்பதே அவள் எண்ணம். இரசிகர்கள் எதிர்பார்த்திருந்த மூன்றாம் தெய்வத்தின் உரையாடலை எழுதிக் குவிப்பது எளிது. எழுதாமல் விட்டதே இவ்விரிவாக்கத்தின் உயர்ந்த இடம்.

குறைகள் இல்லாமல் இல்லை. மூர்ன்ஹோல்ட் நகர் மதில்களுக்குள் அடைபட்டது. மூல விளையாட்டின் திறந்த நிலவெளி அங்கில்லை, மந்திரத்தால் பறக்கவும் இயலாது. கதையின் தொடக்கமோ செயற்கையானது: ஆடத் தொடங்கிய புதியவரையும் உறக்கத்தில் கொலையாளி வந்து தாக்குகின்றான். அடுத்த ஆண்டு வந்த ‘பிளட்மூன்’ பனித்தீவு ஒன்றைப் பரந்து விரித்துத் தந்தது. மாரோவிண்டின் மையப் புராணத்தை அது தொடவில்லை.

மாரோவிண்டோடு அதன் ஆக்கக் கருவியையும் நிறுவனம் வழங்கியிருந்தது. விளையாட்டில் இடம்பெறாத பெருநிலப் பகுதியைத் தாங்களே படைக்க முனைந்த ஆர்வலர் குழு ‘டாம்ரியல் ரீபில்ட்’ என்னும் பெயரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊதியமின்றி உழைத்து வருகின்றது. ஊர்கள், வழக்குகள், அலமாரி நூல்கள் எனப் பகுதி பகுதியாக அவர்கள் வெளியிடும் இவ்விரிவாக்கம், உரையாசிரியர் மரபை நினைவூட்டும் பொறுமை உடையது. பதிப்பகம் ஏவாமல், மூலத்தின்பால் கொண்ட பற்றால் மட்டுமே எழுந்த பணி அது.

மௌனமாயிருந்த சோதா சில் 2017இல் பேசினான். ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ என்னும் பிற்கால விளையாட்டுக்கு வந்த ‘கிளாக்வொர்க் சிட்டி’ பகுதியின் கதை, மாரோவிண்டின் காலத்துக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது. ஆதலின் அங்கே அவன் உயிரோடிருக்கின்றான். நடப்பன யாவும் முன்னரே முடிவாகிவிட்டவை என்றும், தானும் அவற்றால் கட்டுண்டவன் என்றும் சோர்வோடு உரைக்கின்றான். அவனைப் புதிதாகச் சந்திப்போர்க்கு அது ஒரு தத்துவ உரை. 2002இல் அந்தப் பொறி நகரில் அவனைத் தேடிச் சென்றவர்களுக்கோ, கம்பிகளிடையே தொங்கிய அவ்வுடல் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தரும் மறுமொழி.