குடல் பரிசோதனையில் செயற்கை நுண்ணறிவு: கருவி காட்டுவதும் நாம் செய்யவேண்டியதும்

பெருங்குடல் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் ‘பொலிப்’ எனப்படும் சிறு வளர்ச்சியாகத் தொடங்குகிறது. அவற்றுள் சில, பல ஆண்டுகளில் புற்றாக மாறுகின்றன. கொலனோஸ்கோப்பியின்போது கண்டு அகற்றிவிட்டால் ஆபத்து பெருமளவு குறைகிறது. ஆனால் தட்டையானவையும் குடல் மடிப்புகளில் மறைந்திருப்பவையும் அனுபவமுள்ள வைத்தியரின் கண்ணுக்கும் தப்பிவிடுவதுண்டு.

இங்கேதான் செயற்கை நுண்ணறிவு உதவுகிறது. ஏராளமான பொலிப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட கணினி, கமெரா அனுப்பும் காட்சியை உடனுக்குடன் ஆராய்ந்து, சந்தேகமான இடத்தைத் திரையில் கட்டமிட்டுக் காட்டும். முடிவெடுப்பவர் வைத்தியரே. இவ்வகையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதியை முதலில் பெற்றது ‘ஜீஐ ஜீனியஸ்’ என்ற கருவி, ஆண்டு 2021.

இத்தாலியில் 685 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், புற்றாக மாறக்கூடிய ‘அடினோமா’ வளர்ச்சிகள், கருவியின்றிப் பரிசோதிக்கப்பட்டோரில் 40.4 வீதத்தினரிடமும் கருவியுடன் பரிசோதிக்கப்பட்டோரில் 54.8 வீதத்தினரிடமும் கண்டறியப்பட்டன. மேலதிகமாகக் கிடைத்தவை பெரும்பாலும் சிறியவை.

மறுபக்கமும் உண்டு. போலந்தில் இக்கருவிகள் புழக்கத்துக்கு வந்தபின், கருவியின்றிச் செய்த பரிசோதனைகளில் வைத்தியர்களின் கண்டறிதல் 28.4 வீதத்திலிருந்து 22.4 வீதமாகக் குறைந்ததாக 2025இல் ஓர் ஆய்வு கூறியது. கருவியை நம்பிக் கண் சோம்பல்படுகிறதோ என்ற கேள்வி எழுந்துள்ளது.

கணக்காய்வில் இரண்டாவது கண் நல்லதுதான். ஆனால் கொடுக்கப்படாத பற்றுச்சீட்டை எந்தக் கணக்காய்வாளரும் சரிபார்க்க முடியாது. கமெரா பார்க்காத இடத்தையும், சுத்தமாகாத குடலில் மறைந்திருப்பதையும் இந்தக் கருவியும் காணாது. ஆகவே நம் பங்கு பெரியது:

• இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரையானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலப் பரிசோதனைப் பொதி வீட்டுக்கே வரும். ஒன்ராறியோவிலும் அதே வயதினருக்கு இப்பரிசோதனை உண்டு. வெட்கப்பட்டு அதை லாச்சிக்குள் போட்டுவிடாதீர்கள். பெற்றோருக்கு வரும் கடிதத்தை வாசித்து விளங்கப்படுத்துங்கள்.

• கொலனோஸ்கோப்பிக்கு முன் தரும் பேதி மருந்தைச் சொன்னபடி முழுவதும் குடியுங்கள்.

• மலத்தில் இரத்தம், நீடிக்கும் மலப்போக்கு மாற்றம், காரணமற்ற எடைக்குறைவு இருந்தால் பொதிக்குக் காத்திராமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

• குடும்பத்தில் யாருக்கு இந்த நோய் இருந்தது என்று வைத்தியர் கேட்பார். போரிலும் இடப்பெயர்விலும் மருத்துவப் பதிவுகளை இழந்த நம்மில் பலருக்கு, “ஊரில் வயிற்று வருத்தத்தில் போனவர்” என்பதற்கு மேல் தெரியாது. விபரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, யாருக்கு, எந்த வயதில், என்ன வருத்தம் என்று கேட்டு எழுதிவையுங்கள். அதை எந்தக் கணினியும் கண்டுபிடித்துத் தராது.